காவல்காரருக்கு டார்ச் லைட் மட்டும் போதுமா?

2015 டிசம்பர் 1ந் தேதி ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

சென்னைக்காரர் என்றால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவீர்கள். மொட்டை மாடியில். பக்கத்து வீட்டு இரண்டாவது மாடியில். கரன்ட் போன ஆஸ்பத்திரி வராந்தாவில். வெளியூர்க்காரர் என்றால், சென்னையில் இருக்கும் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ போன் போட்டுப் போட்டு, லைன் கிடைக்காமல் தவித்திருப்பீர்கள். அடையாற்றின் கரை நெடுக ஒரே இரவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

விடிந்ததும் ஊரெல்லாம் ஒரே கேள்விதான். முழுகடித்தது மழையா, மனிதர்களா? மழை என்றது ஆளுங்கட்சி. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட விதம்தான் என்றன எதிர்க்கட்சிகள். டீக்கடையில் நாமும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சண்டை போட்டோம்.

அரசாங்கத்தின் ஃபைல்களையே புரட்டிப் பார்த்து இந்தக் கேள்விக்கு ஒரு பதிலை எழுதி வைத்தவர்கள் யார் தெரியுமா? போலீஸ்காரர்கள் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை. தணிக்கைக்காரர்கள். தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அந்த சி.ஏ.ஜி.யின் ஆட்கள். நம் வழக்கில் சொன்னால், ஏ.ஜி. ஆபீஸ்காரர்கள்.

ஏரியில் இன்னும் தண்ணீர் பிடிக்க இடம் இருந்தபோதே விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்து விடப்பட்டது. நடந்தது மனிதர்கள் வரவழைத்த பேரழிவு. அந்த அறிக்கையின் சாரம் இதுதான்.

அறிக்கையின் அட்டையில் 2017 என்று போட்டிருக்கும். ஆனால் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலை 9ந் தேதி. வெள்ளம் வடிந்து இரண்டரை வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள்.

கடைசி நாள் என்றால் என்ன அர்த்தம்? காலையில் மேஜையில் வைப்பார்கள். மாலையில் சபையை ஒத்தி வைத்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். படித்துவிட்டுக் கேள்வி கேட்க மறுநாள் சபை இருக்காது. பேப்பரில் இரண்டு நாள் செய்தி வரும். மூன்றாவது நாள் வேறு செய்தி வந்துவிடும். கடைசி நாளில் வைக்கும் இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் சொத்து அல்ல.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அரசுத் தணிக்கையை நவீனமாக்குகிறோம் என்ற பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. 2021லிருந்து வருஷா வருஷம் நவம்பர் 16ந் தேதி தணிக்கை தினம் என்று ஒன்றையும் கொண்டாடுகிறார்கள். சீர்திருத்தத் திட்டம், மென்பொருள், ஊழியர் பயிற்சி என்று பெரிய பட்டியலே வாசிக்கிறார்கள்.

பட்டியல் பொய் இல்லை. சிம்லாவில் 1950லிருந்தே தணிக்கை அதிகாரிகளுக்கு அகாடமி இருக்கிறது. கம்ப்யூட்டர் தணிக்கைக்கென்று நொய்டாவில் 2002ல் ஒரு சர்வதேச மையம் வந்தது. சுற்றுச்சூழல் தணிக்கைக்கு ஜெய்ப்பூரில் 2013ல் ஒன்று. மலை மலையாகக் குவியும் தகவல்களை அலசுவதற்கு டெல்லியில் 2016ல் ஒன்று. பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்குகளுக்காக ராஜ்கோட்டில் 2024ல் ஒன்று. சென்னை உள்படப் பல ஊர்களில் வட்டாரப் பயிற்சி நிலையங்கள்.

இதெல்லாம் தண்டம் என்று நான் சொல்லப் போவதில்லை. தேவைதான். ரொம்பவே தேவை.

பழைய தணிக்கை எப்படி நடந்தது? ஆபீசுக்கு 'ஆடிட் பார்ட்டி' வருகிறது என்றாலே பரபரப்பு. ஒரு மேஜை, நாலு நாற்காலி, வேளா வேளைக்குக் காபி. கேஷ் புக், வவுச்சர், எம்-புக் எல்லாம் மூட்டையாக வரும். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பாதியில் கேள்வி எழுதுவார்கள். மறு பாதியில் ஆபீஸ் பதில் எழுத வேண்டும். அதற்குப் பெயரே 'ஹாஃப் மார்ஜின்'. எட்டணா வித்தியாசத்துக்கு எட்டுப் பக்கம் எழுதிய காலம் அது.

இன்றைக்கு மூட்டையும் இல்லை, வவுச்சரும் இல்லை. தமிழக அரசு ஊழியரின் சம்பள பில்லே கம்ப்யூட்டரில்தான் போகிறது. காகிதத்தில் திருத்தினால் அடித்தல் தெரியும். கம்ப்யூட்டரில் திருத்தினால் என்ன தெரியும்? யார், எப்போது, எந்த அனுமதியோடு மாற்றினார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்காமல் ஒருவரைத் தணிக்கைக்கு அனுப்புவது, நீச்சல் தெரியாதவரை முத்துக் குளிக்க அனுப்புகிற மாதிரி.

வித்தை தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை சாட்சி. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் தகவல்களைத் தணிக்கைக்காரர்கள் சலித்துப் பார்த்தார்கள். சுமார் ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு ஒரே செல்போன் எண். என்ன எண்? வரிசையாகப் பத்து ஒன்பது!

செல்போன் எண்ணை வைத்து யாருக்கும் சிகிச்சை தருவதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. சரி, ஆதாருக்கு வருவோம். நம்ம தமிழ்நாட்டிலேயே ஏழு ஆதார் எண்களில் 4,761 பேர் பதிவாகி இருந்தார்கள். இதற்கும் மேலே ஒன்று. ஏற்கனவே இறந்துபோனதாகப் பதிவான 3,446 பேருக்கு அதற்கப்புறமும் சிகிச்சை அளித்ததாக 6 கோடியே 97 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டிருந்தது.

லட்சக்கணக்கான பெயர்களை நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிக் அடித்துப் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? பயிற்சிக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் நியாயமான ரூபாய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை வேறு. கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. கண்டுபிடித்ததைக் காது கொடுத்துக் கேட்பதற்கு யாருக்குப் பயிற்சி கொடுத்தோம்?

எனக்குத் தெரிந்த ஒருவர் தணிக்கை வேலையில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். காலை வாக்கிங்கில் பழக்கம். பயிற்சி பற்றிக் கேட்டேன். சிரித்தார். "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க சார். நான் எழுதின ஒரு பாரா இருக்கு. அதை எழுதறப்ப என் பெரிய பொண்ணு எல்.கே.ஜி. அவ கல்யாணத்தப்பவும் அந்தப் பாரா பெண்டிங்லதான் இருந்துது. இதுக்கு எந்த சாஃப்ட்வேர் சார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

தணிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு குறைக்கும் 'பாரா' என்று பெயர். சம்பந்தப்பட்ட துறை பதில் சொல்ல வேண்டும். பதில் திருப்தி என்றால் பாரா முடியும். பதிலே வராவிட்டால்? கிணற்றில் போட்ட கல்தான்.

இது ஏதோ ஒரு ஆபீசின் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே போகப் போகக் கிணறு இன்னும் ஆழம்.

அரசியல் சட்டத்தின் 151வது பிரிவு சொல்கிறது: மத்திய அரசு பற்றிய தணிக்கை அறிக்கையை ஜனாதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை நாடாளுமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். மாநிலம் என்றால் கவர்னர், சட்டமன்றம். நல்லது. எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும்? அதைத்தான் சொல்லவில்லை. ஒரு நாளும் இல்லை, ஒரு வருஷமும் இல்லை. அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் அரசாங்கங்கள் எழுபது வருஷத்துக்கும் மேலாகப் போய் வந்துகொண்டு இருக்கின்றன.

டெல்லியைப் பாருங்கள். ஊழலை ஒழிக்கவே பிறந்தோம் என்று வந்த ஆம் ஆத்மி ஆட்சியில் 14 தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்துக்கு வராமல் முடங்கின. 2025 ஜனவரியில் ஹைகோர்ட்டே அந்தத் தாமதத்தைக் கண்டித்தது. பிப்ரவரியில் ஆட்சி மாறியதும் புது பா.ஜ.க. அரசு ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தது. முதலில் வந்தது மதுக் கொள்கை அறிக்கை. அரசுக்குச் சுமார் 2,002 கோடி ரூபாய் இழப்பு என்றது அது.

ஆகா, பா.ஜ.க.வுக்குத் தணிக்கை மீது என்ன பக்தி என்று கைதட்ட வேண்டாம். ரஃபேல் விமானம் பற்றிய அறிக்கை நாடாளுமன்றத்தில் எப்போது வைக்கப்பட்டது? 2019 பிப்ரவரி 13. தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அதிலும் எல்லோரும் கேட்டுக்கொண்டு இருந்த ஒரே விஷயமான விலை விவரம் மறைக்கப்பட்டு இருந்தது. கல்யாணச் சாப்பாட்டில் எல்லாம் பரிமாறிவிட்டுச் சோற்றை மட்டும் வைக்காத மாதிரி.

அடுத்தவன் வீட்டு அறிக்கை என்றால் உடனே வெளியே வரவேண்டும். நம் வீட்டு அறிக்கை என்றால் நல்ல நேரம் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எல்லாக் கட்சிகளும் ஒரே கட்சிதான்.

வருகிற அறிக்கைகளின் எண்ணிக்கையாவது கூடியதா? மத்திய அரசுத் துறைகள் பற்றிய தணிக்கை அறிக்கைகள் 2015ல் 55 வந்தன. 2020ல் 14. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, 2021ல் பத்திரிகையில் வந்த கணக்கு இது. 2020 கொரோனா வருஷம் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகமான கம்ப்யூட்டர், புதுப் புது மையங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் வந்த அதே வருஷங்களில்தான் எண்ணிக்கை இறங்கியது. கருவி கூடக் கூட வேலை குறைவது ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

உங்களில் சிலர் இப்போது என்னை மடக்கப் பார்ப்பீர்கள். 'தணிக்கைக்காரர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் அதிகாரி எவனாவது துணிந்து கையெழுத்துப் போடுவானா? 2ஜி கதை மறந்துவிட்டதா? 1.76 லட்சம் கோடி நஷ்டம் என்றார்கள். கடைசியில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை!'

மறக்கவில்லை. ஆனால் முழுக் கதையையும் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2010ல் வந்த அந்த அறிக்கை ஒரே ஒரு எண்ணைச் சொல்லவில்லை. எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து சுமார் 57 ஆயிரம் கோடியிலிருந்து 1.76 லட்சம் கோடி வரை பல உத்தேசங்களைச் சொன்னது. பெரிய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கொட்டை எழுத்தில் போட்டது யார்? எங்கள் பத்திரிகை உலகம்தான். மேடையில் முழங்கியது யார்? அரசியல்வாதிகள்தான். உரிமங்கள் கொடுத்த விதம் தப்பு என்று 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 122 உரிமங்களை ரத்து செய்தது. யாரும் லஞ்சம் வாங்கியதாக நிரூபிக்கவில்லை என்று 2017ல் தனி கோர்ட் சொன்னது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

தணிக்கை என்பது கிரிமினல் தீர்ப்பு இல்லை. 'இங்கே கணக்கு உதைக்கிறது, விளக்கம் சொல்லுங்கள்' என்று கேட்பது. உத்தேசக் கணக்கை எப்படிப் போடுவது, எவ்வளவு அடக்கமாகச் சொல்வது என்று தணிக்கைக்காரர்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றால், தாராளமாகக் கொடுங்கள். தப்பாகக் கேட்டால், பதில் சொல்லி அவர்கள் முகத்தில் கரி பூசுங்கள். அதற்குத்தான் சட்டமன்றமும் பொதுக் கணக்குக் குழுவும் இருக்கின்றன. நாடாளுமன்றத்தில் அந்தக் குழுவின் தலைவராக 1967லிருந்து எதிர்க்கட்சிக்காரரையே போடுகிறார்கள். நல்ல மரபு. ஆனால் சபைக்கே வராத அறிக்கையை அந்தக் குழு எப்படிப் படிக்கும்?

அதனால் சீர்திருத்தம் என்று பேசுபவர்களிடம் மூன்றே விஷயங்களைக் கேட்கிறேன். மூன்றுக்கும் கம்ப்யூட்டர் தேவையில்லை. பேனா போதும்.

முதலாவது, கெடு. அறிக்கை கைக்கு வந்து இத்தனை நாளுக்குள் சபையில் வைத்தே ஆகவேண்டும், வைக்காவிட்டால் தணிக்கை அதிகாரியே மக்களுக்கு வெளியிடலாம் என்று சட்டம் வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 1952ஆம் வருஷத்து விசாரணைக் கமிஷன் சட்டத்தைப் பாருங்கள். கமிஷன் அறிக்கையை, எடுத்த நடவடிக்கையோடு சேர்த்து, ஆறு மாதத்துக்குள் சபையில் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. என்றைக்கோ ஒரு நாள் போடுகிற கமிஷனுக்குக் கெடு உண்டு. வருஷா வருஷம் நம் பணத்தைக் கணக்குப் பார்க்கும் தணிக்கைக்குக் கெடு கிடையாது! பிரிட்டனில் 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி தணிக்கைத் தலைவர் மக்கள் சபையின் அதிகாரி. அமைச்சர்களின் நல்ல நேரத்துக்காக அவர் காத்திருப்பதில்லை. வெள்ளைக்காரனிடமிருந்து தணிக்கையை வாங்கிக்கொண்ட நாம், அவன் பிறகு திருத்திக்கொண்டதை மட்டும் வாங்க மறந்துவிட்டோம்.

இரண்டாவது, பதில். அறிக்கை சபைக்கு வந்து நாலு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை என்ன என்று மத்திய அமைச்சகங்கள் சொல்ல வேண்டும் என்பது இப்போதே இருக்கும் விதி. சொல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. நாம் கரன்ட் பில் கட்ட ஒரு வாரம் தாமதமானால் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். பதில் சொல்லாத துறையின் செயலாளருக்கு ஒரு இன்க்ரிமென்ட்டையாவது பிடுங்கக் கூடாதா?

மூன்றாவது, நாற்காலி. சி.ஏ.ஜி.யைப் பதவியிலிருந்து நீக்குவது சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்குவது போலக் கஷ்டம். நல்ல பாதுகாப்பு. ஆனால் அவரை நியமிப்பது ரொம்ப சுலபம். பிரதமர் அரசு சொல்லும், ஜனாதிபதி கையெழுத்துப் போடுவார். தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில்கூட எதிர்க்கட்சித் தலைவருக்கு ஒரு இடம் இருக்கிறது. இங்கே குழுவே கிடையாது. கணக்குக் காட்ட வேண்டியவரே கணக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார். இதை எதிர்த்த பொதுநல வழக்கில் 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிம்லாவில் தணிக்கை அதிகாரிகளுக்கு அவ்வளவு செலவு செய்து பயிற்சி கொடுக்கிறோமே, அப்படிப் பயின்று வந்த ஒருவர் அந்தத் துறையின் உச்சி நாற்காலிக்கு வருகிறாரா? பல பத்தாண்டுகளாக அதில் உட்காருவது ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்தான். அரசுத் துறைகளை நேற்றுவரை நிர்வாகம் செய்தவர், இன்று அதே அரசைத் தணிக்கை செய்யும் தலைவர். பயிற்சி கீழே இருப்பவர்களுக்கு, பதவி பக்கத்து வீட்டிலிருந்து வருபவருக்கு. பயிற்சியின் மேல் அரசுக்கு நிஜமாகவே மரியாதை இருந்தால் இப்படி நடக்குமா?

1949ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியல் சட்டம் உருவாக்கும் பதவிகளிலேயே அநேகமாக இதுதான் மிக முக்கியமானது, நீதித்துறையின் கடமையைவிட இவருடைய கடமை பெரியது என்ற பொருளில் பேசினார். அவரை மாலை போடுவதற்கு மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

அவருக்கும் ஆயிரம் வருஷம் முன்னால் போகலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அதைப் பழம்பெருமையாகக் கொண்டாட எனக்கு இஷ்டமில்லை. அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி குடத்தில் போட முடியாது. அவர் பெயரை மட்டும் இல்லை, நெருங்கிய உறவினர் பெயரையும்தான்!

அந்த விதியை இன்றைக்கு அமலுக்குக் கொண்டு வந்தால் நம் கட்சிகளில் எத்தனை பேருக்கு சீட் கிடைக்கும் என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, மென்பொருள் இல்லை, மூன்று நாள் பயிற்சி முகாமும் சான்றிதழும் இல்லை. கணக்குக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் கல்லில் வெட்டியிருந்தது. நம்மிடம் மற்ற எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு வரிதான் இல்லை.

காவல்காரருக்குப் புது டார்ச் லைட் வாங்கிக் கொடுங்கள். எப்படி அடிப்பது என்று பயிற்சியும் கொடுங்கள். ஆனால் திருடனைப் பார்த்து அவர் சத்தம் போட்டால், 'இரு, வீட்டுக்காரர்கள் எல்லாம் தூங்கின பிறகு சொல்' என்று வாயைப் பொத்தாதீர்கள்.

வீட்டுக்காரர்கள் நாம்தான். நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கைகளில் பெரும்பாலானவை சி.ஏ.ஜி.யின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு அறிக்கையில் உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட பத்துப் பக்கத்தைப் படியுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முழிக்கிற முழியைப் பார்ப்பதற்காகவாவது கேளுங்கள்.

செம்பரம்பாக்கம் அறிக்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம். அடுத்த மழைக்காலம் ரொம்ப தூரத்தில் இல்லை.